ஒரு லட்சம் முடி, ஒரே காற்று

மனிதத் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி. (என்னைப் போன்றவர்கள் சராசரியைக் கெடுக்கிறோம்.) இந்த லட்சத்தையும் ஒன்றுவிடாமல் வரைந்தே தீருவேன் என்று ராத்திரி பதினோரு மணிக்கு டேப்லெட்டும் ஸ்டைலஸுமாக உட்காரும் இளைஞர்கள் ஆபீசுக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். பகலில் வவுச்சர், ராத்திரியில் கூந்தல். மூக்கு, கண், உதட்டோர மச்சம் எல்லாம் அச்சாக வந்துவிடும். காற்றில் பறக்க வேண்டிய முடி மட்டும் வெந்த சேமியா மாதிரி தொங்கும். அதைக் கொண்டுபோய்ப் பிறந்தநாள் பரிசாக நீட்டினால் அந்தப் பெண்தான் என்ன செய்வாள், பாவம்!

2012-ல் பிக்ஸார்காரர்கள் 'பிரேவ்' என்று ஒரு படம் எடுத்தார்கள். ஸ்காட்லாந்து இளவரசி மெரிடாவுக்குச் செக்கச்சிவந்த சுருட்டை முடி. அவர்கள் தனித்தனியாக வடிவமைத்தது 1,500 சுருளுக்குக் கொஞ்சம் மேல். அதை வைத்துக் கம்ப்யூட்டர் பெருக்கிக்கொண்டது சுமார் 1,11,000 முடி. கவனியுங்கள், அவர்களே ஒவ்வொரு முடியாக உட்காரவில்லை. அதிலும் தகராறு. சுருளை இறுக்கினால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போல விறைக்கிறது. தளர்த்தினால் சுருளே காணோம். கடைசியில் புதிதாக ஒரு ஸாஃப்ட்வேர் எழுதித்தான் சமாளித்தார்கள்.

நமக்கு அந்த வசதி ஏது? லியனார்டோ டாவின்சியைக் கேட்போம். சுமார் 500 வருஷம் முன்பே மனுஷர் ஓடும் தண்ணீரையும் முடியையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். முடியை இரண்டு விஷயம் இழுக்கிறது. ஒன்று அதன் எடை. இன்னொன்று அது சுருளும் திசை. தண்ணீரிலும் ஓட்டம் ஒன்று, சுழி ஒன்று.

ஆகவே முதலில் ஓட்டத்தை வரையுங்கள். தடித்த பிரஷ், ஒரே நிறம், ஐந்தாறு பெரிய கற்றை. போதும். காற்று எந்தப் பக்கம் என்று தனி லேயரில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வேர் அசையாது, நுனிதான் அலையும். காற்று வரும் பக்கம் முடி தலையோடு ஒட்டும். மறுபக்கம் பிரிந்து பறக்கும். பளபளப்பு முடியின் நீளத்தோடு ஓடாது. குறுக்கே பட்டையாக விழும். கற்றை வளைகிற இடத்தில் உடையும். கடைசியாகப் பிசிறு. ஏழெட்டு போதும். அழுத்தம் குறையக் குறைய நுனி மெலியட்டும்.

துப்பட்டாவை மறந்துவிடாதீர்கள். 1480-களில் 'வீனஸின் பிறப்பு' வரைந்த போத்திசெல்லி, சந்தேகமே வேண்டாம் என்று காற்றுத் தேவனையே கன்னம் உப்ப ஊதவிட்டார். வீனஸின் கூந்தலும் எதிரே நிற்பவள் நீட்டும் போர்வையும் ஒரே பக்கம்தான் பறக்கின்றன.

இவ்வளவு மெனக்கெடணுமா ஸார் என்பவர்களுக்கு ஒன்று.

எனக்குத் தெரிந்த கிளார்க் ஒருவர். அவருடைய அம்மா காலமானபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எண்ணெய் வைத்துப் படிய வாரி, இறுகப் பின்னிய தலை. யாரோ மாதிரி இருந்தார். இவருக்கு ஞாபகத்தில் இருந்ததோ வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை மாடியில் தலை காயவைக்கும் அம்மா. அதை வரைந்தார். மூன்று மாதம் ஆயிற்று.

அப்பாவிடம் காட்டினார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. திரையில் விரலை வைத்து, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடப் பார்த்தாராம்.

அந்தப் படத்தில் பிசிறு மொத்தம் ஒன்பது. எண்ணிப் பார்த்தேன்.