ஓணானுக்கும் வெயில் வேண்டும்

நம் சபைப் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது தாடி ஓணான் வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். ஆனால் அறை மூலைக்குப் பொருந்துகிற சின்னக் கண்ணாடித் தொட்டியை நாம் தேடுவது சரியில்லை. மிருகத்தின் நலனை நீதியோடு சேர்த்துப் பேசுகிறது நீதிமொழிகள் 12:10.

இது நடு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி. வேலிக் கம்பத்தில் ஏறி வெயில் காயும், சூடு கூடினால் நிழலுக்கு இறங்கும். ஆகவே தொட்டியின் ஒரு பக்கம் 40 பாகை, மறுபக்கம் 25 பாகை அளவில் இருக்கவேண்டும். அதற்கு 4 அடி நீளமாவது தேவை.

வெப்பம் மட்டும் போதாது. யூவிபி விளக்கு இல்லாவிட்டால் விற்றமின் டி3 உண்டாகாது, கல்சியம் சேராது, எலும்பு வளையும். வெயில் படாத பிள்ளைகளுக்கு வருகிற றிக்கெற்ஸ் போலத்தான். ரொறன்ரோ வீட்டு யன்னலோரம் வைத்தால் போதும் என்கிறோம். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

துணைக்கு இன்னொன்றும் வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படமெடுத்து அனுப்புகிறோம். உண்மையில் மேலே இருப்பது சூடான இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

(தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், சல்மொனெல்லா இருக்கலாம்.)

பிறந்தநாளுக்கு ஓணான் கேட்கிற தம்பிக்கு முதலில் தொட்டியையும் விளக்கையும் வாங்கிக் கொடுப்போம். ஓணான் அடுத்த மாதம் வரட்டும்.