உருகும் உடம்புக்கு உபதேசம் மருந்தாகுமா?

“நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்!” - புற்றுநோயாளியின் குடும்பத்துக்கு ஊரெல்லாம் கிடைக்கும் உபதேசம் இதுதான். கடலூர் முதுநகர் மீனவர் வீட்டிலும், சிதம்பரம் பக்கத்து விவசாயக் கூலி வீட்டிலும் இதைக் கேட்டுக் கேட்டு, கடன்பட்டுப் புரோட்டீன் பவுடர் டின் வாங்குகிறார்கள். டின் காலியாகிறது; நோயாளி எலும்பும் தோலுமாகிறார். பழியோ, கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மனைவியின் தலையில்!

அநியாயம்! இந்த மெலிவு வெறும் பட்டினியல்ல. சாப்பாட்டை மட்டும் கூட்டி, கரைந்த தசையை முழுதும் மீட்க முடியாது என்று சர்வதேச நிபுணர்கள் 2011-லேயே வரையறுத்துவிட்டார்கள். கட்டியும், கட்டியோடு போராடும் உடம்பும் சுரக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து பசியைக் கொல்கின்றன, தசையைத் தின்கின்றன. ஜிடிஎஃப்-15 என்ற பொருள் மூளைவரை சென்று பசியை அடைக்கிறது. அதைத் தடுக்கும் ஊசியைப் பரிசோதித்த பைசர் கம்பெனி 2024-ல் முடிவை வெளியிட்டது. எடை கூடியது உண்மைதான். நாளை அது கடைக்கு வந்தால், நெல்லிக்குப்பம் கரும்பு வெட்டும் கூலியாளுக்கு எட்டும் விலையிலா வரும்?

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் புதுச்சேரி ஜிப்மர், மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கே மனநோய்க்குத் தரும் ஓலன்சபின் என்ற பழைய மாத்திரையை, தினம் வெறும் இரண்டரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு, ஈரல், கணையம், நுரையீரல் முதலிய இடங்களில் புற்று முற்றி, கீமோ சிகிச்சை தொடங்கிய 124 பேர் சேர்ந்தனர். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது டாக்டருக்கே தெரியாது. 12 வாரம் கழித்து, மருந்து உண்ட 58 பேரில் 35 பேருக்கு எடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடியிருந்தது. போலி மாத்திரை உண்ட 54 பேரில் ஐவருக்கு மட்டுமே! 2023-ல் இது அச்சேறியது. அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் சங்கம் அதே ஆண்டில் இந்த மாத்திரையைச் சிபாரிசு செய்தது.

எல்லா மெலிவையும் தீர்க்கும் சஞ்சீவி என்று நாம் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்து, தூக்கமும் வரும். ஆனால் பேடண்ட் காலாவதியான மலிவு மாத்திரைக்காக எந்தக் கம்பெனி ஏஜெண்டு பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் நிற்பான்? லாபமில்லாத உண்மையைச் சுமக்க சர்க்காரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

சிப்காட் வட்டாரத்தில் புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு என்று நீரி ஆராய்ச்சி ஸ்தாபனம் 2008-ல் சொன்ன மாவட்டம் இது. எனவே கேட்கிறோம்: கடலூர் தலைமை ஆஸ்பத்திரியிலும், சிதம்பரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் புற்றுநோயாளியை வரும்போதெல்லாம் எடை போடுகிறார்களா? ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் சீட்டில் குறிக்கிறார்களா? ஜிப்மர் சோதித்த மாத்திரை அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறதா? சுகாதார மந்திரி பதில் சொல்லட்டும்!