சிலம்பும் பரலும், துணரும் மலரும்

‘செந்தமிழ்ச் செல்வி’யின் பழைய தொகுதிகளைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: அது தன் ஆண்டுத் தொகுதியைச் சிலம்பு என்றும் மாத இதழைப் பரல் என்றும் எண்ணியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ தொகுதிக்குத் துணர் என்றும் இதழுக்கு மலர் என்றும் பெயர் வைத்துக்கொண்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்றது. பிற்கால இதழ்கள் பலவற்றில் மலர் என்றால் ஆண்டுத் தொகுதி. பொழிலிலோ மலர் என்றால் தனி இதழ். அழகான பெயர்கள்தாம். ஆனால் மின்னூலகப் பட்டியலுக்குத் தகவல் உள்ளிட உட்காரும் பணியாளர் ‘மலர் 5’ என்பதை எந்தக் கட்டத்தில் இடுவார்? ஒரு நூலகம் அதைத் தொகுதி எண்ணாகவும் இன்னொன்று இதழ் எண்ணாகவும் பதிந்திருந்தால், இரண்டு பட்டியல்களையும் கணினி ஒன்றுசேர்க்கும்போது கையில் இருக்கும் இதழ் இல்லாததாகவும், இல்லாத இதழ் இருப்பதாகவும் காட்டும்.

நூலகங்களின் மின்சேவைக் கூட்டுறவு பற்றிய இந்த உரையை இவ்வளவு சிறிய சிக்கலிலிருந்து வேண்டுமென்றேதான் தொடங்குகிறேன். நம் கூட்டங்களில் ஸ்கேனர், சர்வர், நிதி என்றே பேச்சு போகிறது. கூட்டுறவு முறிகிற இடம் பெரும்பாலும் பட்டியல்தான். அண்மையில் ஒரு பழைய கட்டுரைக்காக மூன்று மின் தொகுப்புகளைத் துழாவினேன். ஒரே இதழின் ஒரே எண் மூன்று இடத்திலும் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. ஆசிரியர் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில். கட்டுரை தொடர்ந்த அடுத்த எண் ஓரிடத்திலும் இல்லை. மூன்று நிறுவனங்களின் உழைப்பும் பணமும் ஒரே தாளில் போய் விழுந்திருக்கின்றன. அடுத்த தாள் எங்கோ ஓர் அலமாரியில் ஒடிந்துகொண்டிருக்கிறது.

இதற்கு விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். 1967இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 54 கல்லூரிகள் சேர்ந்து ஓசிஎல்சி அமைப்பைத் தொடங்கின. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் அதன்வழி இணைப்பில் பட்டியலிடத் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய பிரெட் கில்கூரின் எண்ணம் எளிமையானது: ஒரு நூலை ஒரு நூலகர் ஒருமுறை விவரித்தால் போதும், அதே நூல் வந்துசேரும் மற்ற நூலகங்கள் அந்தப் பதிவை எடுத்துக்கொள்ளட்டும். இன்றைய வேர்ல்டுகேட் கூட்டுப் பட்டியல் அங்கிருந்து வளர்ந்ததுதான். நூலின் பக்கங்களை மின்படி ஆக்குவது பற்றிப் பரவலாகப் பேசாத காலம் அது. விவரத்தைப் பகிரும் பழக்கம் முதலில் ஊறியது. மற்றவை பிறகு வந்தன.

அந்தப் பழக்கத்தின் பயனை 2020இல் உலகமே பார்த்தது. 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து தொடங்கியது ஹாத்திடிரஸ்ட். மறதியில்லாத யானையை நினைத்து இந்திச் சொல்லில் வைத்த பெயர். பெருந்தொற்றில் நூலகங்கள் பூட்டப்பட்டபோது, ஓர் உறுப்பு நூலகத்தின் அலமாரியில் எந்த நூலின் அச்சுப் படி இருக்கிறதோ அந்த நூலின் மின்படியை அந்நூலகத்தின் வாசகர் வீட்டிலிருந்தே படிக்க ஹாத்திடிரஸ்ட் வழிசெய்தது. இருப்பது ஒரு படி என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு. பதிப்புரிமை உள்ள நூல்களுக்கும் இது கிடைத்தது. எந்த நூலகத்தில் எந்த நூல் எத்தனை படி இருக்கிறது என்ற கணக்கை உறுப்பினர்கள் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. செலவைப் பங்கிடுவதும் அதே கணக்கை வைத்தே. உரிமை நீங்கிய நூல்களின் பராமரிப்புச் செலவை எல்லோரும் சேர்ந்து சுமக்கிறார்கள். உரிமை உள்ள நூலுக்கு, அதன் அச்சுப் படி வைத்திருக்கும் நூலகங்கள் பங்கு போடுகின்றன. இந்தக் கணக்குமுறையை நம் கூட்டமைப்புகள் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

நம்மிடம் தொகுப்புகளுக்குக் குறைவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் எழுத்துரு மாற்றங்கள் பலவற்றைக் கடந்து ஒருங்குறிக்கு வந்து நிற்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் அது கடல் கடக்கவில்லை; 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் நம் வாசகர்கள் அன்றாடம் புழங்கும் இடங்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் அது பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களைப் படிக்கும் அனுமதிக்கான சந்தா. ‘பொழிலின்’ விடுபட்ட மலரை எந்தச் சந்தாவும் தேடித் தராது. அதை நாம்தான் தேட வேண்டும்.

சிறு நூலகங்கள் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘மின்படியைக் கொடுத்துவிட்டால் எங்களைத் தேடி யார் வருவார்கள்’ என்று, வாழ்நாளெல்லாம் சேர்த்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் இதற்கு ஒரு நெறி வைத்திருக்கிறது: மூலம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, மின்படி ஒன்று உள்நாட்டிலேயே இருக்க வேண்டும். இதனுடன் நாம் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். பதிவு எத்தனை தளங்களுக்குப் பயணம் செய்தாலும், மூலப்படி எந்த நூலகத்துடையது என்ற வரி அதைவிட்டுப் பிரியக் கூடாது. கூட்டுப் பட்டியலில் இப்படிப் பெயர் விளங்கும் சிறு நூலகத்தைத்தான் ஆய்வாளர்கள் தேடி வருவார்கள்.

பல படிகள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அங்கே மட்டுமே இருந்தவை இனி எங்கும் இல்லை. மின்படி ஆக்கிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோருக்கு 2023 அக்டோபரை நினைவூட்டுகிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தாக்கிய கும்பல் பணம் கேட்டது. அதன் இணையப் பட்டியல் 2024 ஜனவரியில்தான் திரும்பியது, மற்றச் சேவைகள் பல அதற்கும் பிறகு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே அறையில் ஒரே வன்தட்டில் ஒரு வட்டாரத்தின் இதழ்களையெல்லாம் வைத்திருக்கும் நாம் எந்தத் துணிவில் உறங்குகிறோம்?

உரிமை பற்றிய குறிப்பும் பதிவில் ஒரு கட்டாயக் கட்டமாக வேண்டும். ஆசிரியர் மறைவுக்குப்பின் இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70. ஒரே நூல் சென்னையில் உரிமை நீங்கியும் யாழ்ப்பாணத்தில் நீங்காமலும் இருக்கக்கூடும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர் என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே அஞ்சி ஒதுங்குவது குறையும்.

எங்கே தொடங்கலாம்? பருவ இதழ்களில் என்கிறேன். நூல் ஓரிடத்தில் முழுதாக இருக்கும், அல்லது இருக்காது. இதழ்த் தொகுதி அப்படியல்ல. சிவகங்கையில் நான்கு எண், நல்லூரில் மூன்று, சிங்கப்பூரில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும். யாரும் தனியாக அதை முழுமையாக்க முடியாது. இதற்குப் பெருநிதி வேண்டாம். ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் இருப்பதையும் இல்லாததையும் எண் வாரியாக எழுதித் திறந்து வைத்தால், அடுத்து எதை ஸ்கேன் செய்வது என்பது தானே தெரிந்துவிடும்.

அடுத்த இதழிலிருந்து ‘விடுபட்ட எண்கள்’ என்ற பகுதியை வெளியிடப்போகிறோம். முதலில் ‘தமிழ்ப் பொழில்’. உங்கள் நூலகத்தில் உள்ள பிரதிகளைப் பார்த்து, துணர் எண், மலர் எண், அட்டையில் அச்சான தமிழ் ஆண்டும் மாதமும், ஆங்கிலத் தேதி இருந்தால் அதுவும் எழுதி அனுப்புங்கள். அட்டையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். தொகுதி, இதழ் என்று நீங்களாக மாற்ற வேண்டாம், அதை இங்கே எல்லோருக்கும் ஒரே முறையில் செய்துகொள்வோம். அட்டை கிழிந்தது, பக்கம் குறைந்தது, செல்லரித்தது எதையும் விட்டுவிடாதீர்கள். உங்களிடம் குறையும் பக்கம் இன்னொரு நூலகத்தின் பிரதியில் இருக்கலாம்.