தொகுத்தவர் யார்? விடுபட்டது எது?

தொகை நூல்களைப் பாடம் சொல்லும்போது பாடலுக்குள் நுழையுமுன் இரண்டு பெயர்களை மாணவர்க்குச் சொல்வது நம் வழக்கம்: தொகுத்தவர், தொகுப்பித்தவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தொகை என்றாலே தெரிவு உண்டு; தெரிவு என்றால் விடுபடலும் உண்டு. இந்த எளிய பாடத்தை இன்று உணவு மேசைக்கும் நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'டேஸ்டிங் மெனு' என்று ஒன்று நம் நகரங்களுக்கு வந்திருக்கிறது. அங்கே உண்பவர் தமக்கு வேண்டியதைக் கேட்பதில்லை. சமையற்கலைஞர் தெரிவு செய்ததைச் சிறு சிறு தட்டுகளில், அவர் வகுத்த வரிசையில் உண்ண வேண்டும். சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017-இல் தொடங்கப்பட்ட ஆவர்த்தனா இதற்குப் பெயர் பெற்றது. நம் ரசம் அங்கே தெளிந்த நீராகிக் கண்ணாடிக் கோப்பையில் வருகிறது. இதை எள்ளி நகையாடுவோர் வரிசையில் நாம் இல்லை. நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டலைப் பெருமையோடு பரிமாறிய விஜய் குமார், 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றபோது மகிழ்ந்தவர்கள் நாம். ஏழையின் உணவு என்று இங்குள்ள நடுத்தர வர்க்கம் முகம் சுளித்த பண்டம் அது. ஆகவே சமையற்கலையோடு நமக்கு வழக்கில்லை. ஓர் ஊரின் பெயரால் தொகுக்கிறவர்கள் எதை விடுகிறார்கள் என்பதே நம் வழக்கு.

ஆம்பூரை எடுத்துக்கொள்வோம். 2022 மே 13 முதல் மூன்று நாள் 'ஆம்பூர் பிரியாணித் திருவிழா' நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. பலவகைப் பிரியாணிகளை ஓரிடத்தில் சுவைக்கலாம் என்றார்கள். பார்க்கப்போனால் அது அரசே தொகுத்த ஒரு டேஸ்டிங் மெனு. அந்தத் தொகையில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்தன. விழா நடக்கும் இடத்தருகே மாட்டிறைச்சிப் பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று அறிவித்தன. விழா ஒத்திவைக்கப்பட்டது; சொல்லப்பட்ட காரணம் மழை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையமோ இந்த விலக்கலைப் பாகுபாடாகக் கருதி ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை எல்லாத் தட்டிலும் ஒன்றுபோலத்தான் பெய்யும். ஒரு தட்டை மட்டும் முன்கூட்டியே அகற்றியது மழையன்று.

எதிர்வாதம் நாமறிந்ததே. 'உண்ணக் கூடாது என்று யார் தடுத்தார்கள்? கடைகளில் கிடைக்கிறதே, அரசு விழாவில் பிறர் உணர்வையும் மதிக்க வேண்டாமா?' மதிக்கலாம். பன்றியோ மாடோ ஆடோ, வேண்டாதவர் உண்ணாதிருக்கும் உரிமை முழுமையானது. ஆனால் உண்ணாதவரின் உணர்வு உண்பவரின் தட்டைப் பொதுவெளியிலிருந்து அகற்றும் அதிகாரமாக மாறுவது எப்படி? கோழிக்கறியும் ஆட்டுக்கறியும் கூடச் சைவ உணவினரின் உணர்வுக்கு ஒவ்வாதவைதாம். அவற்றுக்குக் கிடைத்த இடம் இதற்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் அளவுகோல் உணர்வன்று. யாருடைய உணர்வு என்பதே.

இது வேறெங்கோ நடந்திருந்தால் இத்தனை கசப்பு இராது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரையில் நீளும் இந்த நிலம் தோலால் பிழைக்கும் நிலம். மாட்டின் தோலைப் பதனிட்டுச் செருப்பாகவும் காலணியின் மேற்பாகமாகவும் கடல் கடந்து அனுப்பி நாடு அன்னியச் செலாவணி ஈட்டுகிறது. தோல் தீட்டாகவில்லை, அதன் இறைச்சி மட்டும் தீட்டாகிவிட்டது. பதனிடும் தொட்டியில் இறங்கி நிற்பவருள் பெரும்பாலோர் தலித்துகளும் இசுலாமியரும். அவர்கள் குடிக்கும் நீர் கெட்டதை உச்சநீதிமன்றம் 1996-இல் விசாரித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 2015-இல் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் உறக்கத்திலேயே மாண்டனர். நஞ்சை அவர்களுக்குப் பங்கிட்ட ஊர், பெருமையைப் பங்கிடும் நாளில் அவர்களுடைய தட்டை ஒளித்து வைக்கிறது.

'தமிழர் மரபில் இது இல்லை' என்போர்க்கு அகநானூற்றின் 129-ஆம் பாடலைப் பரிந்துரைக்கிறோம். பசுவை உண்ட மழவர் அதில் வருகிறார்கள். அவர்கள் காலில் செருப்பும் இருக்கிறது. இறைச்சியையும் தோலையும் ஒரே மூச்சில் சொன்ன புலவருக்குக் கூச்சமில்லை. தொகுத்தவரும் அப்பாடலை விலக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் நமக்கு அந்தத் தொகுப்பாளரின் நேர்மையாவது வேண்டாமா?

இலக்கிய அன்பர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது சிற்றிதழ்ச் சூழல் அதன் மொழியைக் கொண்டாடியது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யையும் படித்துச் சிலாகித்தோம். ஆனால் அந்த மாந்தரின் அடுப்பை நம் இலக்கியக் கூட்டங்களின் விருந்து எத்தனை முறை அறிந்திருக்கிறது? எழுத்தை ஏற்று உணவை விலக்குவதும் டேஸ்டிங் மெனு மனப்பான்மைதான். நமக்கு வசதியான அளவில், வசதியான துண்டு மட்டும்.

ஆம்பூர் பிரியாணியின் இலக்கணம் எளிது. சீரகச் சம்பாவை அரைவேக்காட்டில் வடித்து, வற்றல் மிளகாய் விழுதில் வெந்த கறியோடு சேர்த்துத் தம் போடுவது; பக்கத்தில் புளிப்புக் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். இந்த இலக்கணத்தில் கறி எது என்பது ஊரார் கைக்கும் பைக்கும் ஏற்ப மாறுவது. நாளை இதற்குப் புவிசார் குறியீடு கேட்போரும், இதைப் பதினொரு தட்டு வரிசையில் ஒரு கரண்டியாக வைக்கப்போகும் கலைஞரும் ஒன்றைச் செய்தாக வேண்டும். ஊரின் பெயரை எடுத்தால் ஊர் முழுவதையும் எடுக்க வேண்டும். முடியாதென்றால் தங்கள் பட்டியலுக்கு வேறு பெயர் சூட்டிக்கொள்ளட்டும். ஆம்பூர் என்ற பெயரை ஆம்பூர்க்காரர்களிடமே விட்டுவிடட்டும்.