கரவொலி பெறாத கப்பல்கள்

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் 2025 டிசம்பர் 3-ம் தேதி, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு முன்னிலையில் கடற்படை தனது வலிமையைச் செய்து காட்டியது. கொச்சியில் கட்டப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்குக் கிடைத்த கரவொலி நியாயமானதே. ஆனால், விக்ராந்த் அணுசக்தியால் ஓடும் கப்பல் அல்ல. எரிபொருள் குறைந்தால் அது துறைமுகம் திரும்ப வேண்டும். அல்லது துறைமுகமே அதைத் தேடிச் செல்ல வேண்டும்.

அப்படித் தேடிச் செல்பவைதான் விநியோகக் கப்பல்கள். நடுக்கடலில் இரு கப்பல்கள் சில பத்து மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில் இணையாகச் செல்ல, இடையே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தில் தொங்கும் குழாய் வழியே எரிபொருள் பாய்கிறது. உணவும் உதிரிப் பாகங்களும் வடத்திலோ ஹெலிகாப்டரிலோ போய்ச் சேர்கின்றன. சுக்கான் சற்றே பிசகினாலும் மோதல்தான். 27,500 டன் எடை கொண்ட ஐ.என்.எஸ். தீபக், மணிக்கு 1,500 டன் எரிபொருளை வழங்க வல்லது. 2014-ல் மாலத்தீவின் தலைநகர் குடிநீரின்றித் தவித்தபோதும், 2018-ல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் தண்ணீர் சுமந்து வந்ததும் இதே தீபக்தான்.

இரு கடற்கரைகளுக்குமாக நம்மிடம் இருப்பவை நான்கே. ஜோதி ரஷியாவிலும், தீபக்கும் சக்தியும் இத்தாலியிலும் கட்டப்பட்டவை. உள்நாட்டில் உருவான ஆதித்யா 1993-ல் நீரில் இறக்கப்பட்டு, 2000-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. ஏழு ஆண்டுகள்! இவற்றில் ஒன்று பழுதுபார்ப்புக்குச் சென்றாலும், ஏடன் வளைகுடா வரை ரோந்து செல்லும் கடற்படையின் எட்டும் தூரம் சுருங்கிவிடும்.

தலா 44,000 டன் எடையுள்ள ஐந்து கப்பல்களைக் கட்ட, பொதுத்துறை நிறுவனமான விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்துடன் சுமார் ரூ.19,000 கோடிக்கு 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணியை விரைவுபடுத்த, இரண்டு கப்பல்கள் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியிலுள்ள எல் அண்ட் டி தளத்துக்கு அளிக்கப்பட்டன. முதல் கப்பலை 2027 மத்தியில் ஒப்படைக்க வேண்டும் என்பது கெடு.

போர் விமானக் கொள்முதல் என்றால் அவையே அதிரும் நாடாளுமன்றத்தில், இக்கப்பல்களைப் பற்றிய விவாதம் அரிதாகவே எழுகிறது. ஆதித்யாவின் அனுபவம் கண்முன் இருக்க, கேள்வி வரட்டும் என்று அரசு காத்திருக்கத் தேவையில்லை. ஐந்து கப்பல்களின் பணி எந்த அளவில் உள்ளது என்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவையில் தாக்கல் செய்ய வேண்டும். காட்டுப்பள்ளி தமிழகத்தில் இருப்பதால், அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு தமிழக உறுப்பினர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.