அபராதம் கட்டியாச்சு, செட்பேக் வந்துச்சா?

சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஹவுஸ் ஓனர் என்னென்ன விசாரிப்பார் என்பது நமக்கு மனப்பாடம். சொந்த ஊர், கம்பெனி, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா, கல்யாணம் ஆச்சா. பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சார், இந்த மூணாவது மாடிக்கு அப்ரூவல் இருக்கா?" அதோடு அந்த வீட்டை மறந்துவிடலாம்.

இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவதை எழுப்புவது, கார் நிறுத்த விட்ட ஸ்டில்ட்டைச் சுவர் வைத்து அடைத்து ஒற்றை ரூமாக வாடகைக்கு விடுவது, பக்கத்துச் சுவரை முட்டுகிற அளவுக்கு செட்பேக்கை விழுங்குவது. இதையெல்லாம் 'டீவியேஷன்' என்று ஏதோ ஸ்பெல்லிங் மிஸ்டேக் போலச் சொல்கிறோம். செட்பேக் என்பது வரைபடத்தில் இருக்கும் வெறும் கோடு இல்லை. ஜன்னலைத் திறந்தால் வரவேண்டிய காற்று அது, தீப்பிடித்தால் ஏணி வைக்கிற இடம் அது.

அரசு இதைத் தீர்த்த கதை சுவாரஸ்யமானது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டிய விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். ஒரே ஒரு தடவைதான் என்பதால் உச்ச நீதிமன்றமும் 2000-ல் ஏற்றுக்கொண்டது. அப்புறம் அந்தக் கடைசித் தேதி வருஷா வருஷம் நகர்ந்தது. நீட்டித்ததை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சும்மா இருந்தார்களா? 2012-ல் 113-சி. இந்தத் தடவை கெடு 2007 ஜூலை 1.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. பக்கைத் தொடாமலே டிக்கெட்டை க்ளோஸ் பண்ணுவது. அதைச் செய்கிறவனுக்கு ரிவ்யூவில் நல்ல பெயர்கூடக் கிடைக்கும். மீறியவர் ஓனர், பணம் வாங்குவது அரசு, ஃபைல் முடிந்தது. இருட்டு ரூமில் பட்டப்பகலில் லைட் போட்டு உட்கார்ந்திருக்கும் வாடகைக்காரர் இந்த வியாபாரத்தில் ஒரு தரப்பே இல்லை. கட்டிய பணம் பக்கத்துச் சுவரை ஒரு அங்குலம் தள்ளிவைக்காது.

"அப்போ எல்லாத்தையும் இடிக்கச் சொல்றியா?" என்பார்கள். இல்லை. இடித்தால் முதலில் தெருவுக்கு வருவது வாடகைக்காரர்தான். இதைச் சொல்லியே முப்பது வருஷமாக ஓனர்களைக் காப்பாற்றியாகிவிட்டது என்பதுதான் என் கோபம். இடிப்பதற்கும் ரசீது போடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

நியூயார்க்கில் வாடகைக் கட்டிடங்களின் விதிமீறல்களை ஏ, பி, சி என்று ஆபத்தின் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். 'சி' வகை என்றால் உடனடி ஆபத்து. பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரக் கெடு. 'ஏ' வகைக்கு 90 நாள். பழுது பார்த்து முடித்ததாக முறைப்படி பதிவாகும்வரை மீறல் அந்தக் கட்டிடத்தின் பெயரிலேயே நிற்கும். கட்டிடம் கைமாறினாலும் கூடவே போகும். வாடகைக்கு வருகிறவர் முகவரியைத் தட்டி ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் பாழடைந்த கட்டிடங்களும் ஏமாற்றும் ஓனர்களும் உண்டு, சொர்க்கம் எல்லாம் இல்லை. ஆனால் கேள்வி 'எவ்வளவு கட்டினாய்' என்பதில்லை, 'சரி செய்தாயா' என்பது.

நம்மிடம் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. குழாய் வாஷரை யார் மாற்றவேண்டும் என்றுகூட அதில் பட்டியல் உண்டு. அந்த வீட்டின் திட்ட அனுமதி எண்ணை வாடகை ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? வரன்முறை செய்த கட்டிடமென்றால் எந்த மீறலுக்கு, எந்த வருஷம் என்பதையும் சேர்த்து. நம்மிடம் ஆதார் ஜெராக்ஸும் ஆஃபீஸ் ஐடியும் வாங்கி வைத்துக்கொள்கிறவர், தன் கட்டிடத்துக்கு ஒரு பேப்பர் காட்டட்டும்.