செட் எடுக்கக் காசு சேர்ந்திட்டுதா? கொஞ்சம் பொறுங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள், மற்றவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள், நத்தார் வரும்போதும், யாருக்காவது சீட்டு விழும்போதும் எங்கள் வீட்டுக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "சேர், ஹோலுக்கு நல்ல செட் ஒன்று எடுக்கப் போறோம், எது நல்லது?" வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள், அதில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஆகவே எங்களுக்கு ஸ்பீக்கரும் தெரியும் என்று சனம் முடிவெடுத்துவிட்டது. பள்ளிமுனையிலிருந்து மட்டும் இந்த வருடம் நாலு வீட்டார் கேட்டுவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில் காப்பை அடகு வைக்கும் யோசனையும் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

பாட்டுக் கேட்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நாங்கள் இங்கே வரவில்லை. ஒரு வீட்டில் கிராஅத் ஓடும், அடுத்த வீட்டில் மாதா பாட்டு ஓடும், அதற்கடுத்த வீட்டில் இளையராஜா ஓடுவார். எல்லா வீட்டிலும் பிரச்சினை ஒன்றுதான்: இருக்கிற காசை எதில் போடுவது?

முதலில் வாட் கணக்கு. பெட்டியில் 5000, 10000 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று சிறிதாக இருக்கும். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. செட்டைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியைப் பாருங்கள். எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று அதில் இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கிற பெட்டி 5000 வாட் சத்தம் போடாது. சக்திக் காப்பு விதியை சாதாரண தரப் பிள்ளைகளே சொல்வார்கள், கடைக்காரர் மட்டும் சொல்லமாட்டார். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்.

அந்த எண்ணுக்கும் அதிகம் மயங்கத் தேவையில்லை. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடின மாதிரி" என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். சின்ன ஹோலில் கதிரையில் இருந்து சாதாரணமாகக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குள் போவது ஒன்று, இரண்டு வாட்தான். மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டாருக்கு.

இரண்டாவது, ஹோல். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. யுத்தத்துக்குப் பிறகு இந்திய உதவியில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அதற்குள் ஹோலுக்கு எவ்வளவு இடம் வரும் என்று அதில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் வெறும் சீமெந்துச் சுவர், கீழே சீமெந்துத் தரை அல்லது டைல்ஸ். நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று ஒரு சத்தம் பின்னால் வருகிறதா? எந்த செட் வாங்கினாலும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த "டிர்ர்" வரும். அதற்கு மருந்து கொழும்பில் இல்லை. ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் தடித்த திரைச்சீலை, தரையில் தடிப்பான விரிப்பு, முடிந்தால் ஒரு பக்கம் புத்தக அலுமாரி. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காது மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். மூலையில் இருந்தால் பேஸ் மட்டும் குமுறும், பேச்சு விளங்காது. இந்த வேலைக்குக் காசே தேவையில்லை. ஆனாலும் மூலையில்தான் வைக்கிறார்கள், இடம் மிச்சமாம்!

தகரக் கூரையும் சீட்டும் போட்ட வீட்டுக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் எதையும் கேட்க முடியாது. அதற்கு எங்களிடம் பதிலும் இல்லை.

வயர் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வருகிற சில பிள்ளைகள் "தங்க முலாம் வயர்" என்று விலை சொல்லுகிறார்கள். வீட்டு வயரிங்குக்கு எடுக்கிற 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஐந்து மீற்றர் தூரத்துக்குத் தாராளம். போக வர பத்து மீற்றருக்கும் அதன் தடை கிட்டத்தட்ட 0.12 ஓம்தான், ஸ்பீக்கரோ 8 ஓம். விலையைவிட இங்கே உப்புக்காற்றுதான் பெரிய விசயம். மன்னாரில் எந்தச் செப்பு முனையும் கொஞ்ச நாளில் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை முனையை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கிப் பூட்டுங்கள். கூட்டல் கழித்தலையும் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மாறிப் பூட்டியிருந்தால் பேஸ் காணாமல் போய்விடும். "செட் பழுது" என்று மாற்றப் போகிறவர்கள் முதலில் அதைச் சரிபாருங்கள்.

ஸ்பீக்கரைத் தெரிவு செய்வது எப்படி? கனடாவைச் சேர்ந்த ஃபிளோய்ட் டூல் என்ற ஆய்வாளரும் ஷோன் ஒலிவும் 1994இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். அதே ஆட்களுக்கு அதே ஸ்பீக்கர்களை முதலில் கண்ணுக்குத் தெரியவும், பிறகு திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்க வைத்துப் புள்ளி போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிதும் விலை கூடியதும் முந்தின. மறைத்தவுடன் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. சிறிய, மலிவான ஒன்று நன்றாகவே தேறியது. கடைக்குப் போனால் உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை ஃபோனில் கொண்டு போங்கள், கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது எப்போதும் ஏமாறும், விற்கிறவருக்கும் அது தெரியும்.

இதெல்லாம் சின்ன விசயங்கள். நாங்கள் உண்மையில் சொல்ல வந்தது வேறு.

1970களில் ஸ்கொட்லாந்தில் லின் என்ற கம்பனி இசைத்தட்டுச் சுழற்றி செய்து விற்றது. அவர்களுடைய வாதம்: ஸ்பீக்கரில் காசு கொட்டுவதற்கு முதல், சத்தம் பிறக்கிற இடத்தில் போடுங்கள், தொடக்கத்தில் தொலைந்ததைப் பின்னால் வருகிற எதுவும் மீட்டுத் தராது. சுழற்றி விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது வேறு கதை. அவர்கள் பொருளுக்கு அந்த வாதம் எவ்வளவு பொருந்தும் என்று உலகம் இன்னும் சண்டை பிடிக்கிறது. எங்கள் ஊருக்கு அது முழுதாகப் பொருந்தும், வேறொரு விதத்தில்.

உங்கள் அலுமாரிக்கு மேலே, பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிற கசட்டுகளைத்தான் சொல்கிறோம்.

எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் எப்படி வீட்டோடு பேசினார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் ஃபோன் இல்லை. கடிதம் எழுதினால் உம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் கசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே இருந்து அதே கசட்டின் மறுபக்கத்தில் வீட்டார் எல்லாரும் வரிசையாகப் பேசி அனுப்புவார்கள். ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் அவர் பார்க்காமலே பிறந்த பிள்ளையின் அழுகை. முஸ்லிம் வீடுகளில் மட்டுமில்லை. பள்ளிமுனையிலிருந்தும் கடலை விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. யூடியூப்பில் தேடினால் வராது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனவர்கள் கையில் கொண்டு போனது கொஞ்சம். செட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. அதே காலத்தில் இந்தக் கரையிலிருந்து இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். அந்த நிலைமையிலும் சிலர் உடுப்புக்குள் ஒன்றிரண்டு கசட்டைச் சுற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள். செட்டை விட்டார்கள், கசட்டை விடவில்லை. எதற்குப் பெறுமதி அதிகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அதே கசட் பிஸ்கட் டின்னுக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது, ஹோலில் புது செட்டுக்கு இடம் ஒதுக்குகிறோம்.

கசட் நிரந்தரமான பொருள் இல்லை. பிலிப்ஸ் கம்பனி அதை 1963இல் கொண்டு வந்தபோது பேச்சுப் பதிவுக்குத்தான் நினைத்தது, அறுபது வருடம் வைத்திருக்க இல்லை. எங்கள் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் வரும். நாடாவை அமர்த்தும் சிறிய பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்துவிடும். விழுந்திருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும், வேறொரு கசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம், தூக்கி எறிய வேண்டாம். 120 நிமிடக் கசட்டுகளின் நாடா மிக மெல்லியது, சிக்கிக்கொள்ளும், அவற்றை முன்னும் பின்னும் ஓட்டி விளையாடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், கசட்டின் முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் இருக்கிற சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். உடைத்தால் தவறியும் யாரும் அதன் மேல் பதிய முடியாது. வாப்பாவின் குரலுக்கு மேல் கிரிக்கெட் வர்ணனை பதிந்த வீடுகள் எங்களுக்குத் தெரியும்.

காப்பாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ஓடுகிற ஒரு பழைய டெக் வேண்டும். சுழன்று சுழன்று நிற்கிறதென்றால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் போயிருக்கும், அது மலிவு. ஹெட்டை ஐசோப்ரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கசட்டை அப்படியே போடக் கூடாது, அது ஹெட்டுக்கும் அடுத்த கசட்டுக்கும் தொற்றும். டெக்கின் ஹெட்ஃபோன் துவாரத்திலிருந்து ஒரு வயர், சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று, பழைய லப்டொப், இலவசமாகக் கிடைக்கிற ஓடாசிட்டி மென்பொருள். ஃபோனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிகிறவர்கள் தயவுசெய்து அதை விடுங்கள். மின்விசிறியும் காகமும் சேர்ந்து பதியும். ஒரு மணி நேரக் கசட் ஸ்டீரியோவில் கிட்டத்தட்ட 600 எம்பி வரும், மோனோவில் பாதி. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். யார் பேசுகிறார், எந்த நாடு, எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தம்மாவும் அப்பம்மாவும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இவை கடிதங்கள். கணவன் மனைவிக்குச் சொன்ன வார்த்தை இருக்கும், கடன் கதை இருக்கும், மச்சானைத் திட்டியதும் இருக்கும். யாருக்கு வந்த கசட்டோ அவரிடம் கேட்காமல் முழுதாக ஓட்ட வேண்டாம். ஃபேஸ்புக்கில் போடவே வேண்டாம்.

இனிக் காசு. 2022க்குப் பிறகு டொலர் இருந்த இடமும் 18 வீத வற் வரியும் எல்லாருக்கும் தெரியும். கையில் ஐம்பதாயிரம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் என்றால் முதலில் கசட் வேலைக்கு ஒதுக்குவோம்: டெக் திருத்த, சவுண்ட் கார்ட், இரண்டு பென்ட்ரைவ். அடுத்தது திரைச்சீலையும் விரிப்பும். வீட்டில் பழைய செட் இருந்தால், ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்து ஃபோம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதை மாற்றக் கொடுப்போம். டவுனில் ரேடியோ திருத்துகிற கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. அவர்கள் கேட்கிற கூலிக்கு விலை பேசாமல் கொடுங்கள், அந்தக் கை நின்றுவிட்டால் இந்த டெக்குகளைத் திறக்க ஆள் இல்லை. மிச்சக் காசு அத்தனையும் ஒரு சோடி ஸ்பீக்கருக்கு. பாவித்த ஜப்பான் ஸ்பீக்கராக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுப் பார்த்து எடுங்கள். அம்ப்ளிபயரில் புதிதாக எதுவும் போடமாட்டோம்.

காப்பை அடகு வைக்கிற வீட்டாருக்கு: வேண்டாம். வட்டி கட்டுகிற ஒவ்வொரு மாதமும் அந்த செட் பழசாகிக்கொண்டே போகும். எங்கள் மார்க்கத்தில் வட்டிக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை விடுங்கள், கணக்குப் பாடத்தின்படியும் அது நட்டம்.

"பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? எல்லா வீட்டிலும் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். முகாமிலும் குடிசையிலும் இருந்து வந்தவர்களுக்கு ஹோலில் ஒரு நல்ல பொருள் நிற்பது வெறும் பகட்டில்லை, எங்களுக்கு அது விளங்கும். செட் எடுங்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள். செட் அடுத்த வருடமும் கடையில் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு டெக் ஓடுகிற நிலையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அசருக்குப் பிறகு நாங்கள் இருப்போம். எங்களைத் தெரிந்தவர்கள் கசட்டைக் கொண்டு வரலாம், காசு வேண்டாம். காலியான பென்ட்ரைவ் ஒன்று கொண்டு வாருங்கள். கசட்டை வெயிலில் வைத்த மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுக் கொண்டு வராதீர்கள், பையில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.